அழிக்க முடியாத கோடு

1857-ஆம் ஆண்டில் ஜான் ரஸ்கின் என்னும் ஆங்கிலக் கலை விமரிசகர், ஆசானின் துணையின்றித் தாமாகவே சித்திரம் பழக விரும்பிய சாமானியர்களுக்கென்று ஒரு நூலை எழுதி வெளியிட்டபோது, அதன் முதல் பாடத்திலேயே அவர்கள் கையில் பென்சிலைக் கொடுக்காமல் கூரிய எஃகு முள் பொருத்திய பேனாவைக் கொடுத்தது, அன்றைய வாசகர்களில் பலரைத் திடுக்கிட வைத்திருக்க வேண்டும். எந்தப் பேனாவாயினும் போதும் என்று அவர் விட்டுவிடவும் இல்லை. கல்லச்சு வேலைக்கென்று பர்மிங்ஹாம் நகரத்துக் கில்லாட் தயாரித்த மிக மெல்லிய முள்ளே உத்தமம் என்றும், மை பல நாள் மைக்கூட்டிலேயே கிடந்து நன்றாகக் கறுத்துக் கெட்டிப்பட்டதாக இருக்கவேண்டும் என்றும், காகிதம் வழவழப்பாக இருக்கலாமேயன்றிப் பளபளக்கக் கூடாது என்றும் ஒரு வைத்தியர் பத்தியம் சொல்வதுபோல நுணுக்கமாக வரையறுத்துவிட்டு, ஒரு சிறிய சதுரம் போட்டுக்கொண்டு அதனுள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை இழுத்து, சதுரம் முழுதும் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீரான நிழலாகத் தோன்றும்வரை நிரப்பிக்கொண்டே போகும்படி பணித்தார். மலரையோ முகத்தையோ வரையும் ஆவலோடு புத்தகத்தைத் திறந்தவனுக்கு இது எவ்வளவு சப்பென்ற ஆரம்பமாகப் பட்டிருக்கும்! ஆனால், லண்டன் தொழிலாளர் கல்லூரியில் 1854 முதல் தச்சர்களுக்கும் அச்சுத் தொழிலாளிகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்த அநுபவத்தின் பேரில் எழுதியவர் அவர். உழைத்துப் பழகிய கையும் காகிதத்தின்முன் எப்படிக் கூசும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

காகிதத்தில் போட்ட கோட்டை அழித்துத் திருத்தும் பழக்கம் அப்போது ஒன்றும் புதிதல்ல. ரப்பர் வருவதற்கு முன்பே சித்திரக்காரர்கள் ரொட்டித் துணுக்கைப் பிசைந்து பென்சில் கோட்டைத் துடைத்து வந்தார்கள். 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் விஞ்ஞானி, தாம் எழுதிய சித்திரநூல் ஒன்றில், பென்சில் கோட்டைத் துடைப்பதற்கு ஏற்ற ஒரு வஸ்து கிடைத்திருப்பதாகவும், எட்வர்டு நெய்ர்ன் என்ற கருவி வியாபாரி அதை அரை அங்குலக் கட்டியாக மூன்று ஷில்லிங்குக்கு விற்பதாகவும் குறிப்பிட்டார். அக்காலத்தில் மூன்று ஷில்லிங் அற்பத் தொகையல்ல. தவறு செய்யும் உரிமையை மனிதன் கொழுத்த விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறான். அதன்பின் ரப்பர் மலிந்து பள்ளிக்கூடப் பையன்வரை வந்து சேர்ந்ததில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆயினும், தைரியமான கோடு என்று நாம் வியக்கும் கோடுகளில் பெரும்பாலானவை அழிக்க இயலாத உபகரணத்தைப் பிடித்த கைகளிலிருந்தே பிறந்தன என்பதும், அந்தத் தைரியம் பிறவி வரமாக வராமல், ஒவ்வொரு பேனாவும் எதற்கு இணங்கும், எதற்கு இணங்காது என்பதைக் கை அறிந்துகொண்ட அளவுக்கே வந்தது என்பதும் பேனாவின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவர்க்குப் பிரத்தியட்சமாகும்.

ரஸ்கினுக்குச் சுமார் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், இத்தாலியில் டஸ்கனிப் பிரதேசத்தைச் சேர்ந்த சென்னினோ சென்னினி என்ற ஓவியர், தம் குருகுலத்தில் பன்னிரண்டு ஆண்டு கற்ற வித்தையை எல்லாம் தொகுத்து ஒரு கைந்நூல் எழுதிவைத்தார். அதில் மாணவன் முதலில் கையில் எடுப்பது ஒரு சாண் சதுரமுள்ள சிறிய மரப்பலகையை. அதன்மேல் பூசுவதற்கு எலும்புச் சாம்பல் வேண்டும். அதற்குக் கோழியின் தொடை எலும்பும் சிறகெலும்பும் விசேஷம் என்றும், சாப்பாட்டு மேஜைக்கடியில் கிடப்பவற்றை அப்படியே பொறுக்கி நெருப்பிலிட்டு வெண்மையாகும்வரை சுட்டு அரைத்துக்கொள்ளலாம் என்றும் அவர் எழுதுகிறார். பெரிய சாஸ்திர நூல்கள் சொல்லக் கூசும் இத்தகைய விவரங்களால்தான் அந்த நூல் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. உமிழ்நீரில் குழைத்துப் பூசிய அந்தச் சாம்பலின்மேல் வெள்ளி எழுத்தாணியால் மெல்ல மெல்ல வரைந்து ஏறக்குறைய ஓராண்டு பழகியபிறகே மாணவனுக்கு இறகுப் பேனாவும் காகிதமும் வாய்க்கின்றன. பேனாவில் பழகினால் என்ன பயன் என்று கேட்டுக்கொண்டு, கை தேர்ச்சி பெறும், பார்த்து வரைவதோடு நில்லாமல் மனத்தில் உள்ளதையும் எடுத்து வரையும் ஆற்றல் உண்டாகும் என்று அவரே விடையும் சொல்லிவிடுகிறார். பலகையில் துடைத்துவிட்டு மீண்டும் வரையலாம். காகிதத்தில் மை ஊறியபின் துடைப்பதற்கு வழியில்லை. துடைக்கக்கூடியதில் தொடங்கித் துடைக்க முடியாததில் மாணவனைக் கொண்டுபோய் விடும் அந்தப் போதனாமுறையில் இருந்த யுக்தி எனக்கு மிகவும் பிடித்தமானது.

இறகைச் சீவுவதும் ஒரு வித்தையாகவே கருதப்பட்டது. வாத்தின் சிறகில் வெளிப்புறமாக உள்ள கெட்டியான பெரிய இறகுகளே பேனாவுக்கு ஏற்றவை. இடது சிறகின் இறகு வளைந்திருக்கும் வாகு, வலக்கையால் எழுதுபவன் கண்ணை மறைக்காது என்று அதற்கு ஒரு தனி மதிப்பு. பச்சை இறகின் தண்டு மெதுவாக இருக்குமாதலால், சுடுமணலில் புதைத்து இறுக்கமேற்றிய பின்பே கத்தியை எடுப்பார்கள். சென்னினி சொல்லும் முறைப்படி, தண்டை ஒரு விரலகலத்துக்குச் சரிவாகச் சீவி, இருபுறமும் ஒதுக்கி மெலிதாக்கி, முனையை இடது கட்டைவிரல் நகத்தின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, எழுதவா வரையவா என்பதற்கேற்ப நிதானமாகச் செதுக்க வேண்டும். இப்படிச் சீவிய முள் சிலநேர வேலையிலேயே மழுங்கிவிடும். மீண்டும் சீவினால் முன்பிருந்த முனை திரும்ப வராது. ஆகவே, ஒரே இறகைப் பிடித்துக்கொண்டே அந்த ஓவியன் நாள்தோறும் வெவ்வேறு பேனாக்களைப் பரீட்சித்து வந்தான் என்று சொல்வது தவறாகாது. கை அழுந்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும். கை லேசானால் மயிரிழையாகும். எந்தத் திசையில் திருப்பினாலும் அது முரண்டு பிடிக்காது. உபகரணங்களுக்குள் இறகைப்போல் மனிதனின் மணிக்கட்டுக்கு இணங்கியது வேறொன்று இருந்ததாகத் தெரியவில்லை.

அதில் தோய்த்த மையின் குணம் வேறு. ஓக் மரத்தில் பூச்சி துளைத்ததால் உண்டாகும் காய்ப்புக்களை ஊறவைத்து, அன்னபேதியும் பிசினும் சேர்த்து ஆக்கிய மை அது. எழுதும்போது வெளிறித் தோன்றி, காற்றுப் படப்படக் கறுக்கும். நம் நாட்டில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய பெரியவர்கள் செய்ததும் ஏறத்தாழ இதே ரஸாயனந்தான். இட்ட கோடு அக்கணமே முழுக் கருமையுடன் கண்ணுக்குத் தெரியாமற்போவதால், தான் செய்ததை உடனுக்குடன் சரிபார்த்துத் தேறுதல் அடையும் வசதி சித்திரக்காரனுக்கு இல்லை. இன்னும் கடினமான நிலை ஒரிஸ்ஸாவின் பனையோலைச் சித்திரக்காரருடையது. இரும்பு எழுத்தாணியால் ஓலையைக் கீறும்போது கீறல் சரியாகப் புலப்படாது. வேலை முடிந்து விளக்குக்கரியை ஓலைமேல் தேய்த்துத் துடைத்த பின்னரே படம் கறுப்பாக எழுந்து வரும். நம்முடைய ஏடெழுதுவோரும் இதே சம்பிரதாயத்தைத்தான் கையாண்டார்கள். தான் போடும் கோட்டைத் தானே பார்க்காமல் வரைபவனுக்கு அழிப்பதைப்பற்றி நினைக்க ஏது இடம்?

இறகைவிடப் பழையது நாணற் பேனா. தடித்த நாணல் தண்டைச் சாய்வாகச் சீவிப் பிளந்தால் போதும். ஆனால் இறகின் நெகிழ்ச்சி அதற்குக் கிடையாது. அழுத்தினாலும் கோடு பெரிதாக விரியாது. மையைத் தேக்கிவைத்துக்கொள்ளும் சக்தியும் குறைவு. ஓரிரு இழுப்புக்குள் மை வற்றி, கோட்டின் கடைசிப் பகுதி உலர்ந்த தூரிகை தேய்த்தாற்போலப் பிசிறிவிடும். ரெம்பிராண்ட் தம் பிற்காலத்தில், விறகுப்புகைக் கரியிலிருந்து எடுத்த பழுப்பு மையைக் கொண்டு இந்த முரட்டுப் பேனாவால் வரைந்த படங்களில், ஒரு மனித உருவத்துக்கு ஏழெட்டுக் கோடுகளே இருப்பதும், அவையும் பாதி வற்றியவையாக இருப்பதும் கண்டு, கிழவர் அவசரப்பட்டார் என்று நினைப்பவர் உண்டு. அவர் அவசரப்படவில்லை, நாணல் எவ்வளவு தருமோ அவ்வளவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாணலின் குறைகளையே முழுமையான பாஷையாக மாற்றியவர் வின்சென்ட் வான்கோ. ஹாலந்தில் இருந்தபோதே அவர் நாணற் பேனாவைப் பரீட்சித்துப் பார்த்ததுண்டு. அந்த ஊர் நாணல் அவருக்குத் திருப்தி தரவில்லை. 1888 பிப்ரவரியில் அவர் தென் பிரான்சில் உள்ள ஆர்ல் நகருக்குப் போனார். அங்கே வாய்க்கால் கரைகளில் வளர்ந்திருந்த தடித்த நாணல், முன்பு கிடைத்ததைக் காட்டிலும் உயர்ந்தது என்று தம்பி தியோவுக்கு எழுதிவிட்டு, அதைச் சீவிச் சீவி வரையத் தொடங்கினார். ஒரே மனிதர், ஒரே மாதிரிப் பேனா. தண்டு விளைந்த மண் மாறியதும் வித்தையே மாறிவிட்டது! சாயங்களுக்கு அவர் தம்பியின் பணத்தையே எதிர்பார்த்திருக்க வேண்டியிருந்தது. நாணலுக்கோ காசு வேண்டாம். ஜப்பானிய ஓவியர் மின்னலைப்போல் வேகமாக வரைவதாக அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது; அந்த வேகத்தைத் தம் கைக்கும் வரவழைத்துக்கொள்வதே அவருடைய ஆசை.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில், மோன்மஜூர்க் குன்றின்மேல் கொசுக்கடியையும் பேய்க்காற்றையும் பொறுத்துக்கொண்டு அவர் வரைந்த பெரிய நிலக்காட்சிகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வானத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கீழே விரிந்த சமவெளியில், அருகிலுள்ள புல்லுக்கு நெட்டுக் குத்தான குட்டைக் கோடுகள், உழுத வயலுக்குச் சாய்ந்த கோடுகள், தூரத்து நிலத்துக்கு வரவரச் சிறுக்கும் புள்ளிகள் என்று இனம் இனமாகப் பிரித்து வைத்திருக்கிறார். இந்தப் புள்ளியும் குட்டைக் கோடும் வெறும் ரசனையினால் வந்தவை அல்ல. நாணல் மை வற்றுமுன் போடக்கூடிய கோடு அவ்வளவு நீளந்தான். நீண்ட கோட்டை வலிந்து இழுக்க முயலாமல், பேனாவின் மூச்சு எவ்வளவோ அவ்வளவுக்கே கோட்டை நிறுத்தி, அதுபோல் ஆயிரக்கணக்கில் போட்டதனால் அந்த அற்புதம் விளைந்தது. மெல்லிய கோடு தேவையான இடங்களில் அவர் வேறு பேனாவையும் சேர்த்துக்கொண்டார். அடியில் பென்சில் கோடு உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மைக்கோட்டின் துணிவு, பென்சிலைத் தொடுவதில்லை என்ற வீம்பான விரதத்தினால் வருவதன்று. அவர் பயன்படுத்திய மைகளில் பல நாளடைவில் வெளுத்துப் பழுப்பாகிவிட்டன. நாம் இன்று பார்க்கும் இதமான பழுப்பு நிறம், அவர் பார்த்த கருமை அல்ல.

இறகையும் நாணலையும் சாதாரண மக்களின் மேஜையிலிருந்து அப்புறப்படுத்தியது பர்மிங்ஹாம். எஃகுத் தகட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, நடுவே துளையிட்டு, வளைத்து, காய்ச்சித் தோய்த்து, கடைசியில் பிளவு போட்டு முடிக்கும் வேலைகளை எல்லாம் கை அழுத்தும் யந்திரங்களால் செய்ய முடியும் என்று ஜான் மிட்செல், ஜோசப் கில்லாட், ஜோசையா மேஸன் முதலியோர் 1820-களிலும் 1830-களிலும் நிரூபித்தபின், அந்நகரத்துப் பட்டறைகளில் யந்திரங்களின்முன் வரிசையாக அமர்ந்த பெண் தொழிலாளர்கள், உலகத்தின் பெரும்பகுதி எழுதுவதற்கும் வரைவதற்கும் வேண்டிய பேனாமுட்களைச் செய்து அனுப்பினார்கள். ஒவ்வொரு முள்ளுக்கும் ஓர் இலக்கம் உண்டு. 303, 404, 290 என்று கில்லாட்டின் இலக்கங்களை ஓவியர்கள் நெருங்கிய சிநேகிதர்களின் பெயரைப்போல் சொல்லிவந்தனர். எழுத்துப் பழகும் பிள்ளைக்கு ஏற்ற கெட்டி முள் ஒன்று, நகாசு வேலைக்கான மெல்லிய முள் ஒன்று, கல்லச்சுக்காரனுக்கென்று தனியே ஒன்று. ஒரு சங்கதி இங்கே சொல்லாமல் விட முடியாது. பேனாமுள் விற்றுச் சேர்த்த செல்வத்தைக் கொண்டு கில்லாட் வாங்கிக் குவித்தது டர்னர் முதலிய ஓவியர்களின் படங்களை. அந்த டர்னருக்காக வாதாடி வாதாடிப் புகழ்பெற்றவர், கில்லாட்டின் முள்ளை மாணவர்க்குச் சிபாரிசு செய்த ரஸ்கின்.

எஃகு முள்ளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன்னை நோக்கி இழுக்கும்போது பணிவாக வரும். எதிர்த்திசையில் தள்ளினால் காகிதத்தின் நாரில் குத்திக்கொண்டு, விடுபடும்போது மையைச் சிதறும். இறகில் பழகிய கை எஃகுக்கு மாறியபோது, எந்தத் திசைக் கோட்டுக்குக் காகிதத்தைத் திருப்ப வேண்டும் என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. இந்தியன் இங்க் என்று நாம் சொல்லும், விளக்குக்கரியில் ஆன கருமை குறையாத மையோ, பிற்காலத்து ஊற்றுப் பேனாவுக்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகையால் அலுவலகங்களெல்லாம் ஊற்றுப் பேனாவுக்கு மாறிய பின்னும், சித்திரக்காரன் மேஜையில் மட்டும் கட்டையில் செருகிய முள்ளும் மைப்புட்டியும் நெடுங்காலம் நிலைத்திருந்தன.

அவை நிலைத்ததற்கு மற்றொரு வலுவான காரணம் துத்தநாக பிளாக். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை, ஓவியன் வரைந்ததை மரச்செதுக்குக்காரன் கட்டையில் வெட்டி அச்சிடுவான். கோட்டின் துணிவு பாதி அவனுடையதாக இருக்கும். வரைந்த படத்தைப் புகைப்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, திராவகத்தில் அரிக்கவைக்கும் முறை வந்தபின் ஓவியன் கைக்கோடே நேராகப் பத்திரிகைப் பக்கத்தில் ஏறிற்று. ஆனால் அந்தத் தகட்டுக்குக் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறொன்றும் தெரியாது. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் போட்டுக் கண்ணை ஏமாற்ற வேண்டும். இங்கிலாந்தில் பில் மே என்ற கேலிச்சித்திரக்காரர், முதலில் விவரமாக வரைந்துகொண்டு, வேண்டாத கோடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, மிஞ்சிய சிலவற்றை மட்டும் மையால் இட்டு, எளிமை என்பது எத்தனை பிரயாசையின் பலன் என்று காட்டினார். அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக வரைந்து பிளாக்கில் சுருக்கிக்கொள்ளும் வழக்கமும் பரவியது. சுருங்கும்போது கையின் நடுக்கமும் சேர்ந்து சுருங்கிவிடும் என்பது தொழில் ரகசியங்களில் ஒன்று.

மலிவான பத்திரிகைக் காகிதத்தில் தெளிவாக விழுவது கோட்டு பிளாக்கே ஆதலால், தமிழ்நாட்டில் வாரப்பத்திரிகைகள் செழித்த காலம் பேனாச் சித்திரத்தின் காலமாகவும் ஆயிற்று. 1928-இல் எஸ். எஸ். வாசன் வாங்கி நடத்திய ஆனந்த விகடனில், சங்கீத வித்வான்களின் முகபாவத்தையும் அங்க சேஷ்டையையும் சில வளைவுகளில் பிடித்துவிட்ட மாலியையும், அதே பத்திரிகையில் தென்னாட்டுச் செல்வங்கள் என்ற தலைப்பில் கோயிற் சிற்பங்களை வாரந்தோறும் வரைந்தளித்த சில்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சித்திரம் பழகுபவர்க்கு ஒரு நல்ல பாடம். மாலியின் கோடு ஓடும், நின்றால் கெட்டுவிடும். நாமக்கல்லில் பிறந்து, தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைமை வகித்த சென்னைச் சித்திரக் கலாசாலையில் பயின்ற சில்பியின் கோடோ, சிற்பத்தின் முன்னேயே அமர்ந்து, கல்லின் திரட்சியையும் தேய்மானத்தையும் நகை நுணுக்கத்தையும் நிதானமாகச் சேகரித்துக்கொண்டு வருவது. இருவர் கோடும் நடுங்கவில்லை; ஆனால் ஒருவர் வேகத்தினாலும் மற்றவர் பொறுமையினாலும் அந்த உறுதியை அடைந்தார்கள். துணிவு என்றாலே விரைவு என்று எண்ணிக் கையை வீசிப் பழகும் இளைஞர்கள் சில்பியை ஒருமுறை ஆற அமரப் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பின்வந்த கே. எம். ஆதிமூலம், 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி மகாத்மாவைத் திரும்பத் திரும்ப வரைந்த வரிசையில், ஒரே முகத்தைக் கோட்டின் போக்கை மாற்றி மாற்றியே புதிதுபுதிதாகக் கண்டெடுத்தார்.

பின்னர் வந்த பேனாக்களைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஹாம்பர்க் நகரத்து ராட்ரிங் கம்பெனி 1953-இல் வெளியிட்ட ராப்பிடோகிராப், முள்ளுக்குப் பதில் நுண்ணிய குழாயும் அதனுள் ஒரு கம்பியும் கொண்டது. செங்குத்தாகப் பிடித்தால்தான் மை இறங்கும். அழுத்தினாலும் விட்டாலும் கோட்டின் பருமன் மாறாது. கட்டட வரைபடக்காரர்களுக்கு அது காமதேனு. மற்றவர்களுக்கு, கையின் உணர்ச்சி கோட்டில் ஏறாதபடி தடுத்துவிடும் ஒரு கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டையே விரும்பி ஏற்றவர்களும் இருந்தார்கள். லாஸ்லோ பீரோவின் பால்பாயிண்ட் பேனா, அழுத்தத்திற்கேற்ப வெளிறியும் கறுத்தும் வருவதால், பேனாக்களுக்குள் பென்சிலுக்கு மிகவும் கிட்டிய உறவு. அழிக்க முடியாதது என்பது ஒன்றே வித்தியாசம். 1960-களில் ஜப்பானில் தோன்றிய நார்முனைப் பேனா மைப்புட்டியையும் கட்டையையும் ஒழித்து, தெருவோரத்திலும் ரயிலிலும் நின்றபடியே வரைய வழிசெய்தது. 1980-களில் தண்ணீருக்குக் கரையாத, நாட்பட்டும் மங்காத மையோடு மெல்லிய முனைகள் வந்தபின், கோட்டின்மேல் வர்ணம் பூசவும் தடையில்லை. புதுப் பேனாவின் முனை கூர்மையாகவும் மை தாராளமாகவும் இருக்கும்; அதிலும் மெதுவாகச் சென்றால் கோடு தடித்துப் பரவும், விரைந்தால் மெலியும். முனை மழுங்கி மை வற்றும் தறுவாயில் உள்ள பேனாவை அநுபவமுள்ளவர்கள் எறிவதில்லை. அதைப் படுக்கவைத்துத் தேய்த்தால், துத்தநாகத் தகடு ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாத அந்தச் சாம்பல் நிறம் கிடைக்கும். மரப்பட்டைக்கும் பழஞ்சுவருக்கும் அதுவே பொருத்தம் என்று, அத்தகைய பேனாக்களைப் பையில் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.